போக்சோ வழக்குகளில் ஆதரவு நபர்: உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

போக்சோ, அதாவது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில், குழந்தைகள் நலக் குழுவால் நியமிக்கப்படும் ஆதரவு நபராகப் பணிபுரிகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுப் பதிலளிக்கிறேன்.

ஒரு தாய்: என் மகளுக்கு ஆதரவு நபர் ஒருவர் வருவார் என்கிறார்கள். அவர் போலீஸ் தரப்பா, வக்கீலா?

இரண்டும் இல்லை, அம்மா. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, உங்கள் மகளின் சம்மதத்தோடும் உங்கள் சம்மதத்தோடும், விசாரணைக் காலம் முழுவதும் உடனிருப்பதற்காக நியமிக்கப்படுபவர் அவர். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டிருக்கிறாரா, அடுத்த வாய்தா எப்போது என்பதையெல்லாம் மகளுக்குப் புரியும் மொழியில் சொல்வது அவருடைய கடமை. நீதிமன்றத்தில் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சாட்சியம் சொல்லிக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் வழக்கே பலவீனமாகும். சட்ட உதவிக்கு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவச வழக்கறிஞரைத் தனியாகக் கேட்டுப் பெறலாம்.

பெயர் வேண்டாம், வயது 17: நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது, அக்கா. சொன்னால் ரகசியமாக வைத்திருப்பார்களா?

உனக்கு நடந்ததில் உன் தவறு எதுவும் இல்லை. ரகசியத்தைப் பற்றி மட்டும், ஆறுதலுக்காகப் பொய் சொல்லாமல், உள்ளதைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஆசிரியரும் மருத்துவரும் மனநல ஆலோசகரும் நானும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே. ஆகவே "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று உனக்கு வாக்குக் கொடுப்பவர், தம்மால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார். நீ பேசத் தொடங்கும் முன்பே இந்த எல்லையைச் சொல்லிவிடுபவர்தான் உன்னை மதிக்கிறார் என்பது என் கருத்து. நீ இதுவரை சொல்லாமல் இருந்ததற்காகச் சட்டம் உன்னைத் தண்டிக்காது.

அந்த எல்லைக்கு அப்பால் ரகசியம் உண்மையாகவே இருக்கிறது. உன் பெயர், புகைப்படம், முகவரி, பள்ளி, குடும்பம், தெரு என உன்னை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். ஆதரவு நபரிடம் நீ சொல்வதையும், அவர் கைக்கு வரும் ஆவணங்களையும் அவர் ரகசியமாகவே வைத்திருக்க வேண்டும். தவறு செய்தவர் உன் வீட்டிலேயே இருப்பவரென்றால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் உன்னைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். நீ எங்கே பாதுகாப்பாக இருக்க முடியும் என்பதை உன் விருப்பத்தையும் கேட்டுக் குழு முடிவு செய்யும். இப்போதைக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்து, புகார் கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டும் கேட்டாலும் போதும். இன்றே ஆபத்து இருக்கிறதென்றால் தயவுசெய்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழை.

ஒரு ஆசிரியை: பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசித் தீர்க்கலாம் என்கிறது நிர்வாகம்.

பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல இது. தெரிவிக்கத் தவறும் எவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்த உங்கள் மீது வழக்குத் தொடுக்க முடியாது.

ஒரு தந்தை: எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் பார்க்கமாட்டோம் என்று மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள்.

அவர்கள் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது. எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது. தனியார் மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக அளிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், வாக்குவாதத்தில் நேரத்தை இழக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், புகாரைப் பிறகு கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் சிறுமியென்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டித்துத் தடை செய்திருக்கிறது. இந்தச் சட்டம் சிறுவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒதுக்கிவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சித்தி: நீதிமன்றத்தில் அவனை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பிள்ளை இரவெல்லாம் தூங்குவதில்லை.

பார்க்க வேண்டியதில்லை. திரைச்சீலை, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி, காணொளி ஆகியவற்றில் ஒன்றின் மூலம் குழந்தையை அவனிடமிருந்து மறைக்க வேண்டும். அறையில் பொதுமக்கள் இருக்கமாட்டார்கள். நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதியே குழந்தையிடம் கேட்பதுதான் சட்டம் சொல்லும் முறை. நடைமுறையில் சில இடங்களில் இது நழுவிப்போகிறது. அப்போது அரசு வழக்கறிஞர் உடனே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், சற்று நேரம் ஓய்வு வேண்டும் என்று குழந்தை கேட்டால் விசாரணையை நிறுத்த வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று சொல்லலாம் என்பதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதே தாய்: வந்திருக்கும் ஆதரவு நபரிடம் மகள் வாய் திறப்பதில்லை. மாற்றக் கேட்டால் வழக்குக்குப் பாதகமாகுமா?

ஆகாது. குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் குழந்தை, அதற்குக் காரணம் கூற வேண்டிய கட்டாயமே இல்லை.