புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: தாமிரபரணிக் கரையில் எங்கள் வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது சதுரச் செப்புக்காசு ஒன்று கிடைத்தது. புளி போட்டுத் தேய்க்கலாமா? யாரிடம் சொல்ல வேண்டும்? தேரி எனும் செம்மணல் மேட்டில் கருவி ஓயாமல் கத்துகிறதே, ஏன்?
- ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சையும் கூடாது. சங்ககாலப் பாண்டியர் சதுரக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் மீன் சின்னமும் இருக்கும். பல நேரம் அந்தக் கோடுகள் பச்சைப் படிவத்தில்தான் நிற்கின்றன. புளிப்பு பட்டால் படிவத்தோடு மீனும் போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுத்து, மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் குளோரைடு என்னும் உப்பு செம்பை உள்ளே அரிக்கிறது. அருங்காட்சியக வேதியியலாளர்தான் பார்க்க வேண்டும்.

சொந்த வயலானாலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. மறைப்பது குற்றம். குழியை மேலும் தோண்டாதீர்கள். காசு எத்தனை அடி ஆழத்தில், எந்த ஓட்டுச்சில்லுகளோடு கிடந்தது என்பதில்தான் அதன் காலம் இருக்கிறது. அதைக் கலைத்தால் கையில் மிஞ்சுவது வெறும் செம்பு. ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குக் கருவியோடு போகவே கூடாது.

தேரியின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அந்த மண்ணே சிக்னல் தரும். உலோகமில்லாத இடத்தில் கருவியின் அடியிலுள்ள வட்டச் சுருளை ஓரடி உயரத்திலிருந்து தரையருகே ஏற்றி இறக்கி, சத்தம் சமமாகும்வரை கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சிக்னலைக் கழிக்கும் அமைப்பை, திருத்துங்கள். பிறகும் கத்தினால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறையுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும்.