பயிற்சியாளரின் விலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் டெக்சாஸ் பயணக் குறிப்பில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் பார்த்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை என்பதைச் சொல்லி நெகிழ்ந்திருந்தீர்கள். என் மகன் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் அவனும் ஒருவன்.

ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு மனக்குறை. அதே பல்கலைக்கழகம் 2023இல் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரிடம் "இனி வர வேண்டாம்" என்று சொல்வதற்காக ஏறத்தாழ 7.6 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. நான் மகனின் ஃபீஸுக்காக வீடு வாங்குவதையே தள்ளிப்போட்டவன். அவனிடம் கேட்டால், "அது பூஸ்டர்கள் பணம்ப்பா, நம்ம பணம் இல்ல" என்கிறான். அவர்கள் பணம் என்பதால் நாம் கேட்கவே கூடாதா?

எஸ்., ஹூஸ்டன்

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கேட்கலாம். அந்தக் குறிப்பிலேயே நான் இதை எழுதியிருக்க வேண்டும்.

முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பூஸ்டர்கள் என்பவர்கள் பெரும்பாலும் பழைய மாணவர்கள். எண்ணெய், வங்கி, ரியல் எஸ்டேட் என்று சம்பாதித்து, கல்லூரியின் விளையாட்டுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். உங்கள் மகன் படிக்கும் இடத்தில் அந்தப் பணத்தைத் திரட்டுவது ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பு. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆள் என்று பொருள். அதன் பெயர் 1922 ஜனவரியில் டல்லஸில் நடந்த ஓர் ஆட்டத்திலிருந்து வந்தது. வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேற, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கீழே கூப்பிட்டார்கள். அவர் சீருடை மாட்டிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் இறங்கத் தயாராக ஓரத்தில் நின்றார். இறங்க வேண்டிய தேவை வரவில்லை. கடைசிவரை நின்றார், அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் உங்கள் மகன் இன்றும் நிற்கிறான். ஃபிஷரை அனுப்புவதற்கான பணம் விளையாட்டுத் துறையிடமிருந்தும் இந்த ஃபவுண்டேஷனிடமிருந்தும் மட்டுமே வரும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. உங்கள் மகன் சொல்வதும் இதைத்தான்.

இவ்வளவு பணம் ஏன் ஒரு பயிற்சியாளரிடம் போய்ச் சேர்கிறது? வீரர்களிடம் போகக் கூடாது என்று விதி இருந்ததால்தான். டல்லஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூஸ்டர் கொடுத்த நிதியிலிருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் 61,000 டாலர் ரகசியமாகப் போனது. அதற்காக 1987இல் அந்த அணியின் ஆட்டங்கள் முழுவதும் ரத்து செய்யப்பட்டன. அடுத்த ஆண்டும் அவர்கள் ஆடவில்லை. அந்த அணி தலைதூக்கப் பல ஆண்டுகள் பிடித்தது. முட்டி உடைய ஆடும் இருபது வயதுப் பையனுக்குப் பணம் கொடுத்தால் குற்றம். அதே பூஸ்டர் அதே கல்லூரிக்கு ஸ்டேடியம் கட்டினாலும், பயிற்சியாளரின் சம்பளத்துக்குக் கொடுத்தாலும் அது நன்கொடை. அடைத்த மடையில் தண்ணீர் நிற்குமா? பக்கத்து வாய்க்கால் வழியாகப் போகும். பல அமெரிக்க மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் அல்ல, கால்பந்துப் பயிற்சியாளர். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கே நேரடியாகப் பங்கிடலாம். அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் பயிற்சியாளர் சந்தை எங்கேயோ போய்விட்டது.

ஃபிஷரின் கதையில் ஒரு காட்சி என் மனதைவிட்டுப் போகவே இல்லை. 2017 டிசம்பரில் அவரைப் பத்து ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தார்கள். அணி எப்படி ஆடினாலும் முழுத் தொகையும் உறுதி. அடுத்த ஆண்டு ஒரு மேடையில் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தர் ஜான் ஷார்ப் அவர் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். தேசிய சாம்பியன் என்று பொறித்த கேடயம். ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தன, மீதி வெறுமை. அவர்கள் கடைசியாக தேசியப் பட்டம் வென்றது 1939இல். கொடையாளர்களின் அத்தனை ஆண்டு ஏக்கமும் அந்த வெற்றிடத்தில் இருந்தது. ஏங்குகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள்.

2020இல் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. உடனே, வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வந்துவிட்டது. 2021இல் ஒப்பந்தத்தை 2031வரை நீட்டி, சம்பளத்தையும் ஆண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் ஏற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சனிக்கிழமை மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று வென்றார்கள். மறுநாள், நவம்பர் 12, ஃபிஷரை நீக்கினார்கள். அவர் வேறு வேலைக்குப் போனாலும் பாக்கித் தொகையில் ஒரு டாலர்கூடக் குறையாது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது.

பணம் கொடுப்பவர் முடிவெடுக்கும் அறைக்குள் எப்படி வருகிறார் என்பதற்கு அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். 2003 நவம்பர். பரம வைரியான அலபாமா அணியோடு மோத இரண்டு நாள்தான் இருக்கிறது. பயிற்சியாளர் டாமி டபர்வில் பையன்களை அதற்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அப்போது பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டுத் துறை இயக்குநர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் இருவர் என்று நான்கு பேர் ஒரு தனி விமானத்தில் ஏறி, லூயிவில் அணியின் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவை ரகசியமாகப் பார்க்கப் போனார்கள். டபர்விலின் இடத்துக்கு அவரைக் கேட்பதற்காக! பெட்ரினோ முந்தைய ஆண்டு டபர்விலுக்குக் கீழே வேலை பார்த்தவர். விமானம் பாபி லௌடர் தரப்பினுடையது. வங்கியாளர், பெரிய பூஸ்டர், ஆட்சிக்குழுவிலும் உறுப்பினர். ஆபர்ன் அந்த ஆட்டத்தை 28-23 என்று வென்றது. சில நாட்களில் விஷயம் வெளியே வந்து ஊரே கொதித்தது. தலைவர் மன்னிப்புக் கேட்டார், ஜனவரியில் பதவி விலகினார். டபர்வில் நீடித்தார். அடுத்த ஆண்டு அவருடைய அணி பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர், கொடையாளர் தரப்பு விமானத்தில், தன் சொந்த ஊழியருக்குத் தெரியாமல் போகிறார். எத்தனை கோடி என்பதைவிட இதுதான் என்னைப் பதறவைக்கிறது. நியமன உத்தரவில் தலைவரின் கையெழுத்துதான் இருக்கும். ஆள் தேறவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பணம் கொடுத்தவரின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

அரசியல்வாதி உள்ளே வந்தாலும் இதே கதைதான். 2025 அக்டோபரில் எல்எஸ்யு எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி உங்கள் மகனின் அணியிடம் சொந்த மைதானத்தில் 49-25 என்று தோற்றது. மறுநாளே பயிற்சியாளர் பிரையன் கெல்லி நீக்கப்பட்டார். பாக்கி 5 கோடி டாலருக்கு மேல். அவரை நியமித்தவர் எல்எஸ்யுவின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட். 2017இல் டெக்சாஸில் ஃபிஷரைக் கொண்டுவந்தவரும் இதே வுட்வர்ட்தான். இந்தச் சுமை மக்கள் தலையில் விழும் என்று ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் அடுத்த பயிற்சியாளரை வுட்வர்ட் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று ஆளுநரே அறிவித்ததும், வுட்வர்ட் உடனே வெளியேறியதும் நியாயமா? ஒரு மாதத்தில் லேன் கிஃபின் வந்தார், கெல்லியைவிட அதிகச் சம்பளத்தில்.

சரி, "நம்ம பணம் இல்ல" என்பதற்கு வருகிறேன். நல்ல இருக்கைக்கான டிக்கெட் உரிமைக்காகக் கல்லூரிக்குக் கொடுத்த நன்கொடையில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சட்டம் இருந்தது. 2017இல்தான் அதை நீக்கினார்கள். இருக்கை எதுவும் பெறாமல் கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கு இன்றும் உண்டு. அப்படி அரசுக்கு வராமல் போகும் வரி உங்களைப் போன்றவர்களுடையதும்தான். அது ஒரு பக்கம். ஃபவுண்டேஷனிடம் ஒரு பயிற்சியாளரை அனுப்பக் கோடிகள் இருக்கும்போது, அதே பணம் வேறு எதற்கெல்லாம் உதவியிருக்கும் என்று கேட்க உங்களுக்கு ரசீது தேவையில்லை. மகன் அங்கே படிக்கிறான், அது போதும்.

அவனிடம் சண்டை போடாதீர்கள். அவன் நிற்பது அசலான பற்று. அந்த மைதானத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தங்கள் கல்லூரிப் பாட்டுக்கு ஏற்ப அவர்கள் அசைந்தபோது மேலடுக்கே ஆடியதை என் காலடியில் உணர்ந்தேன். அவனிடம் ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். ஃபிஷருக்கு முதல் 60 நாட்களில் ஏறத்தாழ 1.9 கோடி டாலர். அதன் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 72 லட்சம், 2031வரை. இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகன் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அவனிடமும் நன்கொடை கேட்டுக் கடிதம் வரும்போதும் அந்தத் தவணை போய்க்கொண்டிருக்கும்.