கடற்றொழில் படிக்க நிற்கிற மகனும் பயந்து நிற்கிற தாயும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகன் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. கடற்றொழில் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று நிற்கிறார். "தகப்பன் பட்டது போதாதா, கடலும் இப்ப முந்தின கடல் இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி, கடல் முந்தின கடல் இல்லைதான். இந்தப் படிப்புக்கு இப்போது தேவை கூடியிருப்பதும் அதனால்தான்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். நமது கடல்நீரேரி ஆழம் குறைந்தது. மாரி வெள்ளம் ஒரேயடியாக வந்து விழுந்தால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். மீன் விலகிப் போகும். பண்ணையில் அடைத்த கடலட்டைக்கு அந்த வழி இல்லை, வலைக்குள் கிடந்தபடியே சாகும். கயிற்றில் கட்டி வளர்க்கும் கடற்பாசியும் அப்படித்தான்: உப்புக் குறைந்தாலோ தண்ணீர் சுட்டாலோ கிளை வெளுத்து முறிந்து போகும். பல மாதம் போட்ட காசு சில நாளில் போய்விடும்.

இங்கேதான் படித்த பிள்ளை வேண்டும். ஒரு துளி நீரை விட்டுப் பார்க்கும் சின்ன உவர்மானியால் நாள்தோறும் உப்பை அளந்து, மழை எச்சரிக்கையையும் பார்த்து, எதை முன்கூட்டியே அறுவடை செய்வது, குஞ்சுகளை எந்த மாதம் விடுவது, அடைப்பை எங்கே போடுவது என்று சொல்ல ஆள் தேவை. பண்ணைக்குக் கம்பு நடும் இடம், களங்கட்டி என்னும் இன்னொருவரின் மீன்பிடி அடைப்புக்கோ வள்ளம் போகும் பாதைக்கோ குறுக்கே வந்தால் சங்கத்தில் இருந்து பேசவும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் உப்பளப்பதைவிட அதுதான் கஷ்டம். கரையில் வளர்ந்த உங்கள் மகனுக்கு அது கைவரும்.

எங்கே படிப்பது? யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது. மாத்தறைப் பக்கம் றுகுணுப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனிப் பீடமே உண்டு. பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் தொழிற்பயிற்சிகளை விசாரியுங்கள். அதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியமனத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் நம் ஊரில் குறைவா?

ஒளிக்காமல் சொல்கிறேன். நீர்வள ஆராய்ச்சி செய்யும் நாரா, நீருயிரின வளர்ப்பைக் கவனிக்கும் நக்டா போன்ற அரச நிறுவனங்களில் இடம் கொஞ்சம். அரச வேலை ஒன்றையே நம்பி இதற்குள் வரவேண்டாம். குஞ்சு பொரிப்பகம், பண்ணை, நண்டு பதனிடும் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் என்று பரந்து தேடும் மனம் இருந்தால் வரலாம். சிலது ஒப்பந்த வேலை, திட்டம் முடிய வேலையும் முடியும். அதையும் மகனுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை கொடுங்கள். ஒரு கொப்பி வாங்கி, தகப்பன் கடலால் வந்ததும் கேட்டு எழுதட்டும்: காற்று சோளகமா (தென்மேற்கு) வாடையா (வடகிழக்கு), தண்ணீர் கலங்கலா தெளிவா, வலையில் என்ன பட்டது, எந்த மீன் காணாமல் போனது. மூன்று மாதம் சலிக்காமல் எழுதினால் இந்தத் துறை அவருக்குச் சரிவரும். இரண்டாம் கிழமையே கொப்பி மேசைக்குள் போனால் வேறு யோசிப்போம்.

விண்ணப்பம் நிரப்ப வரும்போது தகப்பனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாடை பிந்துவதைப் பற்றி அவரிடம் எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.