முதல் பிரேக்கிலேயே பிடிக்கிற பேட் வேண்டும்

வாசகர் கேள்வி: என்னிடம் 1991-ம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின், ஏபிஎஸ் கிடையாது. நான் மூன்றாவது உரிமையாளர். வார இறுதியில் மட்டும் எடுப்பேன், எப்போதாவது மலைப்பாதையில் போவேன். முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. மெக்கானிக் ‘ரேஸிங் பேட் போடுங்கள், ஸ்போர்ட்ஸ் காருக்கு அதுதான் சரி’ என்கிறார். உதிரிபாகக் கடைக்காரரோ ‘செராமிக்’ என்கிறார். எதை வாங்குவது? முன்னால் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: ரேஸிங் பேட் வேண்டாம். சாலையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, உங்கள் காரின் அசல் பேட் அளவுக்குப் பிடிக்கிற பேட் போதும். முன்னும் பின்னும் ஒரே கம்பெனியின் ஒரே ரகமாக, ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

ரேஸிங் பேட் ஏன் வேண்டாம் என்றால், அது சூடானால்தான் வேலை செய்யும். பந்தயத்துக்கான பல பேட்கள் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனபிறகுதான் முழுப் பிடி கொடுக்கும். பந்தயத்தில் இரண்டு சுற்று முடிவதற்குள் அந்தச் சூடு வந்துவிடும். உங்கள் கார் வாரம் முழுக்க நின்றிருந்து, காலையில் வெளியே வந்து, தெருமுனையில் யாரோ குறுக்கே வரும்போது டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும், பேட் அழுத்திப் பிடிக்கிற வட்டத் தகடு) குளிர்ந்து கிடக்கும். அந்த முதல் மிதியில் கார் நிற்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டிஸ்க்கின் சூடு பெரும்பாலும் 200 டிகிரியைத் தாண்டாது. நீண்ட மலை இறக்கத்தில் அதைவிட ஏறும். நல்ல சாலை பேட் அதையும் தாங்கும், இறங்கும்போது தாழ்ந்த கியரில் வந்தால் இன்னும் நல்லது. ரேஸிங் பேட் டிஸ்க்கையும் சீக்கிரம் தின்றுவிடும், கீச்சென்று கத்தவும் செய்யும்.

‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற பெயரை வைத்துத்தான் பலர் ஏமாற்றப்படுகிறார்கள். உங்கள் கார் ஏறக்குறைய 950 கிலோதான் எடை. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே அதைவிடக் கனம். எடை குறைந்த காரை நிறுத்துவது பிரேக்குக்குச் சுலபம், சூடும் குறைவாகவே ஏறும். பேட் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் வர வேண்டியது இதுதான். ஸ்போர்ட்ஸ் என்று பெயர் இருப்பதால் பேட்டுக்குக் கூடுதல் வேலை வந்துவிடாது.

கடைக்காரர் சொன்ன செராமிக் விஷயம். செராமிக் பேட்கள் பொதுவாகச் சத்தம் குறைவு, சக்கரத்தில் கருந்தூசி படிவதும் குறைவு. ஆனால் எந்தக் கலவையை அப்படி அழைக்கலாம் என்று எல்லாரும் கட்டுப்படுகிற வரையறை எதுவும் இல்லை. அதனால் பெட்டியில் ‘செராமிக்’ என்று இருப்பதை வைத்து அது எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ‘ஸ்போர்ட்’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஆகிய சொற்களும் அப்படித்தான். நல்ல செராமிக் பேட் உங்களுக்குப் பொருந்தலாம், மோசமானதும் அதே பெயரில் விற்கிறது.

பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பேட்டின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டையும் பேட்டின் ஓரத்தையும் பாருங்கள். இரண்டு அடையாளங்கள் உதவும். ஒன்று, ஐரோப்பிய ஆர்90 அங்கீகாரம்: வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்தில் ‘90ஆர்’ என்று தொடங்கும் நீள எண்ணும் இருக்கும். இந்த முத்திரை உள்ள பேட்டின் செயல்திறன் அந்தக் காரின் அசல் பேட்டுக்கு 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய கார் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள முத்திரை கிடையாது.

இன்னொன்று, ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நீளக் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும், இரண்டாவது நன்றாகச் சூடானபின் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்லும். ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. உங்களுக்கு ‘எஃப்எஃப்’ போதும். முதல் எழுத்து ‘இ’ என்று இருந்தால் சாதாரணச் சூட்டில் பிடி குறைவு, விட்டுவிடுங்கள்.

ஆனால் இந்த எழுத்துகளை அளப்பது பேட்டிலிருந்து வெட்டிய ஒரு சதுர அங்குலத் துண்டை வைத்துத்தான். முழு பேட்டைக் காரில் போட்டுப் பார்த்து அல்ல. ஒரே எழுத்துள்ள இரண்டு பேட்கள் காலுக்கு வேறு வேறாகத் தெரிவது அதனால்தான். எந்தச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று பந்தய பேட் விற்பவர்கள் வரைபடமே போட்டுத் தருகிறார்கள். தினமும் சாலையில் ஓடும் காருக்கு பேட் விற்கும்போது மட்டும் அந்த வரைபடம் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. உயிர் காக்கும் பொருளுக்கு இவ்வளவு ஒளிவுமறைவை எப்படி அனுமதிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரமாக இருக்கிறது. மூன்று இலை போட்ட ஒரு சின்னத்தைக் காட்டி ‘உயர்தரம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். அது செம்பு முதலிய பொருள்கள் கலவையில் எவ்வளவு என்பதைச் சொல்லும் சுற்றுச்சூழல் சின்னம். பிரேக் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முன்னால் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னும் பின்னும் எந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும் என்று காரை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் அதிகம் பிடிக்கிற பேட் போட்டால் முன்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். பின்னால் அதிகம் பிடித்தால் இன்னும் ஆபத்து, வால் சுழன்று கார் திரும்பிவிடும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத காரில் இதைத் திருத்த உங்கள் காலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நீங்கள் மூன்றாவது உரிமையாளர். உங்கள் காரில் இப்போது இருப்பது அது பிறந்தபோது இருந்த பிரேக்தானா? 1.6 எஞ்சினோடு வந்த கார்களில் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231 மி.மீ. பிறகு 1.8 எஞ்சினோடு வந்தவற்றில் அது 255-ம் 251-ம் ஆனது. அந்தப் பெரிய பிரேக்கை எடுத்து 1.6 காரில் மாட்டுவது இந்தக் கார் பிரியர்களிடம் ரொம்பச் சாதாரணம். இரண்டுக்கும் பேட் வேறு. முந்தைய உரிமையாளர் அப்படி மாற்றிவிட்டு உங்களிடம் சொல்லாமல் போயிருக்கலாம், அவருக்கு முந்தையவர் செய்து அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். கடையில் ஆண்டையும் மாடலையும் சொன்னால் கணினி 1.6 பேட்டைத்தான் காட்டும். அது காரைப் பார்த்ததில்லை, பட்டியலைத்தான் பார்க்கிறது. சக்கரத்தைக் கழற்றுங்கள், டிஸ்க்கின் விட்டத்தை அளங்கள். பழைய பேட்டை வெளியே எடுத்து நீளம், உயரம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்தகட்டில் வடிவ எண் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் அப்படியே விட்ட கார்களும் உண்டு, அதனால் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். பழைய பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று யார் சொன்னாலும் அங்கே வாங்காதீர்கள். ஓரத்தைச் சாணை பிடித்து உள்ளே தள்ளித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னாலும் விடாதீர்கள். பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் காலிப்பர். அதற்குள் பேட் கையால் தள்ளினாலே நகர வேண்டும்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் ரொம்பக் கவனம். டூப்ளிகேட் பேட்கள் நல்ல கம்பெனிப் பெட்டியிலேயே வருகின்றன. எனக்கே ஒரு முறை பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டியில் ஒரு ஜோடி வந்தது. மேசையில் வைத்துத் திருப்புளியின் பிடியால் லேசாகத் தட்டியபோது உராய்வுப் பகுதி தகட்டிலிருந்து அப்படியே கழன்று விழுந்தது. ஓடும் காரில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தகட்டில் எண் பதியாமல் வெறும் ஸ்டிக்கர் இருந்தாலோ, பெயிண்ட் தடித்து வழிந்திருந்தாலோ, உராய்வுப் பகுதியின் ஓரம் விரலில் உதிர்ந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘ஒரிஜினல் கம்பெனிக்கே சப்ளை செய்கிற ஃபாக்டரியில் இருந்து வருகிறது’ என்ற பேச்சை ஒருபோதும் நம்பாதீர்கள். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். மெக்கானிக் தானே வாங்கி மாட்டுகிறேன் என்றால், பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி, ‘அந்தக் காலத்து ஸ்டாக், பெட்டி பிரிக்காதது’ என்று விற்கும் பேட்கள். பழைய கார்க்காரர்களுக்கு இதில் ஒரு மயக்கம் உண்டு. அக்காலப் பேட்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். உங்கள் காரில் யார் எப்போது எதைப் போட்டார்கள் என்று தெரியாததால், பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

துளை போட்ட டிஸ்க்கையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். தேவையில்லை, துளையைச் சுற்றி விரிசல் விடும். சாதாரண டிஸ்க் போதும். அதன் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலை மறந்துவிடாதீர்கள். நின்றே கிடக்கும் காரில் அது சும்மா இருந்தே கெடும், ஏனென்றால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகி, காலின் அழுத்தம் பிரேக்குக்குப் போய்ச் சேராது. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று தரைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான், பழி பேட் மேல் விழுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். காலிப்பர் நகர்வதற்கு உதவும் கம்பிகள் (பின்கள்) இறுகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இறுகியிருந்தால் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் ஒரு பக்கம்தான் தேயும்.

புது பேட் மாட்டியதும் பெடலைப் பலமுறை அழுத்திக் கெட்டியானபின்தான் காரை நகர்த்த வேண்டும். அப்புறம் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு, மிதமாக எட்டுப் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருந்தால் சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிப் படிந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போது அதிரும். கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முடித்தபின் பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆற விடுங்கள்.

பின்சக்கர வேலையை மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. பேட்டைத் தள்ளும் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. காலிப்பரின் பின்னால் உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி, அதற்குள் 4 மி.மீ. ஆலன் கீயை (அறுகோண முனைச் சாவி) விட்டுத் திருப்பித்தான் பின்வாங்க வைக்க வேண்டும். புது பேட் போட்டபிறகு அதே கீயால் சரியான இடைவெளிக்குத் திருப்பி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது, பெடலும் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும்.