கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 421 மதிப்பெண், கணக்கில் 74. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஆனால் அவள் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் இல்லை, கணிதம், இயற்பியல், வேதியியலோடு பயாலஜி சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப்தான் இருக்கிறது. இதற்குள் ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, தனியார் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் குரூப்பும் ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி போன்ற கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சியும் வாங்கித் தருகிறேன், கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறார். "கடன் வாங்கியாவது மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

மாற்றாதீர்கள். இருக்கும் பள்ளியிலேயே ஃபர்ஸ்ட் குரூப்பில் சேருங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. பிளஸ் டூ கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, அதாவது 50, 50. கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 80 எடுத்தால் 90+42+40, மொத்தம் 172. இந்தக் கூட்டலில் கம்ப்யூட்டர் சயின்ஸும் இல்லை, பயாலஜியும் இல்லை. கம்ப்யூட்டர் குரூப் படித்தவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று விதி எதுவும் கிடையாது. பள்ளியில் சி பிளஸ் பிளஸ், பைத்தான் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கொஞ்சம் எளிதாக இருக்கும், அவ்வளவுதான். கல்லூரியில் புரோகிராமிங்கை அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வணிகக் கணிதம் உள்ள குரூப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெயரில் கணிதம் இருந்தாலும் கட்-ஆஃபுக்கு அது உதவாது.

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் ஐந்து வருடம் முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்குப் போனால் அந்த உரிமை போய்விடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வருமே, அதுவும் போய்விடும். பாதித் தள்ளுபடி என்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாரா? பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன், வட்டி கட்டப்போவது நீங்கள். 7.5 சதவீதத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளியே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுப்பதில்லை. அதனால்தான் இந்த ஏஜென்ட்டுகள் தெருத்தெருவாக வருகிறார்கள்.

டிசியையும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் எந்த ஏஜென்ட் கையிலும் கொடுக்காதீர்கள், "இடம் பிடித்து வைக்க" என்று கேட்டாலும் சரி. இரண்டு வருடம் கழித்து இதே ஆட்கள் கல்லூரி சீட் பேசவும் வருவார்கள். அப்போதும் இதே பதில்தான். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன.

சரி, கணக்கில் 74. பயப்பட வேண்டிய மதிப்பெண் இல்லை, கவனிக்க வேண்டிய மதிப்பெண். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு ஓட்டிவிட்டு, முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்தே வருடக்கணக்காக நடக்கிறது, தடுப்பார் இல்லை. இதில் நஷ்டம் பிள்ளைக்குத்தான். எல்லை, வகையிடல், தொகையிடல், அணிகள், வெக்டர் எல்லாவற்றுக்கும் அடித்தளம் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பிளஸ் டூ புத்தகம் நேராக அவற்றின் பயன்பாடுகளுக்குப் போய்விடுகிறது. ஜேஇஇ இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்து 95 வாங்கிய பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் வருடக் கணிதத்தில் அரியர் வைப்பது இதனால்தான். உங்கள் மகள் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் தானே போட்டுப் பார்க்கட்டும். டியூஷனுக்குச் செலவழிப்பதாக இருந்தால் கணக்குக்கு மட்டும், அதுவும் பிளஸ் ஒன்னின் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

கணிதம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கையால் செய்து கற்பதுதான் பிடிக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. பத்தாம் வகுப்போடு அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேரலாம். முடித்ததும் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், பிளஸ் டூ தேவையில்லை. காலமும் வீணாகாது: பிளஸ் டூ வழியில் 2+4, இந்த வழியில் 3+3, இரண்டும் ஆறு வருடம்தான். நடுவில் வீட்டு நிலைமை மாறினால் டிப்ளமோவோடு வேலைக்கும் போகலாம், பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு அந்த வசதி இல்லை. "மார்க் வராத பிள்ளைகள்தான் பாலிடெக்னிக் போவார்கள்" என்று உறவினர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் பி.இ. முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமல் தாண்டி நேராக மூன்றாம் செமஸ்டரில் போய் உட்காரும்போது பலர் திணறுகிறார்கள். கணிதம் பிடிக்காமல் இந்த வழிக்கு வருபவர்களும் கணிதத்திலிருந்து தப்ப முடியாது, மூன்று வருடம் தள்ளிப்போடத்தான் முடியும். டிப்ளமோவில் வரும் கணிதத் தாள்களையும் ஒழுங்காகப் படித்தாக வேண்டும். அந்த ஏஜென்ட்டை அனுப்பிவிட்டு, எது வேண்டும் என்று மகளிடமே கேளுங்கள்.