பூனை சாப்பிடாவிட்டால் நாட்களை எண்ணுங்கள்

எங்கள் பெண் பூனை நல்ல கொழுகொழு. இரண்டு நாளாகச் சோற்றை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பசித்தால் தானே தின்னும் என்கிறா அம்மா. பொறுத்துப் பார்க்கலாமா, டொக்டர்? (கிளிநொச்சி)

வேண்டாம் தங்கச்சி. ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாத பூனையை மறுநாள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். உங்களுடையதற்கு ஏற்கெனவே இரண்டு நாள் ஆகிவிட்டது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தங்கும். அவ்வளவையும் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. ஈரல் கெட்டால் இருக்கிற பசியும் போய்விடும். கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து கூட. மேல் உதட்டை மெதுவாகத் தூக்கி முரசைப் பாருங்கள். முரசிலோ காதின் உட்பக்கத்திலோ மஞ்சள் தெரிந்தால் உடனே கொண்டு போங்கள்.

மணந்து பார்க்கிறது என்று எழுதியிருப்பது நல்ல துப்பு. அதற்குத் தின்ன ஆசை இருக்கிறது, ஆனால் குமட்டலோ வாய் நோவோ தடுக்கிறது. பல் கெட்டிருக்கலாம், வாய்ப்புண் இருக்கலாம், சூடை மீனின் முள் அண்ணத்தில் குத்தி நிற்கலாம். ஒன்று மட்டும் கவனம்: வீணீர் ஒழுகி, குரல் மாறி, காரணமில்லாமல் சீறுகிற பூனையின் வாய்க்குள் கை வைக்காதீர்கள். விசர்நோயாக இருக்கக்கூடும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று மாதக் குட்டி தும்முகிறது, மூக்கு அடைத்திருக்கிறது. மீன் வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. (முல்லைத்தீவு)

பூனைக்கு மணம் தெரியாவிட்டால் அது சாப்பாடே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கில் காய்ந்திருப்பதை ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு சூடையையோ கீரி மீனையோ உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு பிசைந்து, கைச்சூட்டில் வையுங்கள். இரண்டு நாள் சுருண்டு கிடந்த ஒரு குட்டி, சட்டி மூடியைத் திறந்ததும் மூக்கை மட்டும் தூக்கி ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அரை மணித்தியாலத்தில் விரலை நக்கியது. சொதி ஊற்றிய சோறு வேண்டாம், அதிலுள்ள வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மூக்கடைப்புக்கென்று தைலமும் பூசாதீர்கள், நக்கிவிடும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். குட்டிகள் அரை நாள் பட்டினியைக்கூடத் தாங்காது, அன்றைக்கே காட்டுங்கள்.

காய்ச்சல் போல இருந்தது. பாதி பனடோல் கொடுக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

கொடுக்கவே கூடாது. பனடோலில் இருக்கும் பரசிற்றமோலைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும், பாதியும் நஞ்சுதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால், முரசு கபில நிறமாகும் வரை, முகம் வீங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்தவர்களின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் கஷ்டம்.

சோளகக் காற்று வீசும் வெக்கை நேரத்தில் பூனைக்குப் பகலில் சாப்பாடு குறைவு. பயப்படலாமா? (மாங்குளம்)

இரவில் தின்று, விளையாடித் திரிந்தால் பயமில்லை. நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டை பொழுதுபட்ட பிறகு போடுங்கள்.

கடுவன் பூனை சாப்பிடவில்லை. மண்ணில் குந்திக் குந்தி முக்குகிறது. மலச்சிக்கலா? (வவுனியா)

பெரும்பாலும் சலம் (சிறுநீர்) அடைத்திருக்கும். கடுவனுக்குச் சலம் போகும் குழாய் ஒடுக்கம். சலம் முற்றாக நின்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எண்ணெய் பருக்கிப் பார்க்க வேண்டாம், வயிற்றை அமுக்கவும் வேண்டாம். இதை வாசித்ததும் ஒரு பெட்டியில் துணி விரித்து வைத்துக் கொண்டு போங்கள்.