பைபாஸில் மணப்பாறை வராது

பள்ளி விடுமுறை வந்துவிட்டது என்பதை இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களை வைத்தே சொல்லிவிடலாம். ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் ஒதுங்கிக்கொண்டன. முறுக்கும் அல்வாவும் கருப்பட்டியும் வந்து உட்கார்ந்துவிட்டன. இடம் போதாமல் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தில் கைவைக்கவில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிறோம். மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் மூன்றையும் ஹைவே கடைகளிலேயே வாங்கிவிடலாமா? ஊருக்குள் நுழைந்தால் நேரம் போகுமே?
– வாசகர், தாம்பரம்

இந்தக் கேள்விக்காகத்தான் பல வருடமாகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தை எடுங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு நீங்கள் போகப்போகும் நான்குவழிச் சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று போகிறது. மணப்பாறை இருப்பது திண்டுக்கல் சாலையில். அந்த வழியாகச் சுற்றினால் முப்பது கிலோமீட்டர் சொச்சம் கூடும். ஸ்ரீவில்லிபுத்தூரும் உங்கள் பாதையில் இல்லை. திருமங்கலத்தில் வலப்பக்கம் ராஜபாளையம் சாலையைப் பிடிக்க வேண்டும். திரும்பும்போது சிவகாசி வழியாகச் சாத்தூரில் வந்து ஏறிக்கொள்ளலாம். கோவில்பட்டி ஒன்றுதான் வழியில் வருகிறது. அதையும் பைபாஸ் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறது. அப்படியிருக்க, விக்கிரவாண்டியில் தொங்குகிற மணப்பாறை முறுக்கு எந்த மணப்பாறையிலிருந்து வந்தது?

நான் அதை வாங்கியவன். 'ஒரிஜினல்' என்று சிவப்பில் எழுதிய மூன்று பாக்கெட். மதுரையில் தங்கிய இடத்தில் பிரித்தேன். பழைய எண்ணெய் வாடை. பாக்கெட்டைத் திருப்பினால் கீழ் மடிப்பில், தையல் போட்ட இடத்துக்கு அடியில், எறும்பு வரிசை மாதிரி முகவரி: அம்பத்தூர். அன்று காலை நான் கிளம்பிய வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். முறுக்கும் நானும் ஒன்றாகத்தான் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறோம்.

அம்பத்தூரில் முறுக்குச் சுடக்கூடாது என்று சொல்லவில்லை. நன்றாகச் சுட்டால் நானே போய் வாங்குவேன். அதை அம்பத்தூர் முறுக்கு என்று விற்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த வட்டாரத்தில் செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர் சொந்தம் என்று அதற்கு அர்த்தம். பொய்யாகப் பெயர் போட்டால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. இந்தியா முழுவதுக்கும் அந்தக் குறியீட்டைப் பதிவு செய்கிற அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம கிண்டியில்! அங்கிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இறங்கினால் வரிசையாகப் பொய்ப் பலகைகள்.

கடலையும் வெல்லமும்தான் கடலைமிட்டாய். கரிசல் காட்டில் மழையை நம்பி விளைந்த கடலை, பாகுப் பதம் தெரிந்த ஒரு கை, இவ்வளவுதான் அதன் சொத்து. பணக்காரப் பண்டமாக இருந்தால் பெயரைக் காப்பாற்ற வக்கீல் வைத்துக்கொள்ளும். இது யாரை வைத்துக்கொள்ளும்? அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். கும்பகோணம் டிகிரி காபி பற்றி நான் பேச்சையே எடுக்கவில்லை. பித்தளை டபரா வைத்திருந்தால் கும்பகோணம் ஆகிவிடும் என்றால் என் வீட்டுப் பரணில் நாலு கும்பகோணம் இருக்கிறது.

சுருக்கமாக: ஊருக்குள் போங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், உள்ளூர்க்காரர்கள் கால் கிலோ அரைக் கிலோவாக வாங்குகிற கடையில் நில்லுங்கள். அரை மணி நேரம் போகும். போகட்டுமே, கன்னியாகுமரி அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: திருநெல்வேலியில் ஒரு கிலோ அல்வா வாங்கினேன். வீட்டில் எடை போட்டால் அட்டை டப்பாவோடு சேர்த்தே ஒரு கிலோ. இது சரியா?
– வாசகி, ஓசூர்

சரியில்லை. விலை அல்வாவுக்கு, டப்பாவின் எடை அதில் சேரக்கூடாது. அடுத்த முறை கடைக்காரரிடம், "அண்ணாச்சி, டப்பாவை முதல்ல தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு அல்வாவைப் போடுங்க" என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை. ஒரு தீபாவளிக்கு நான் கால் கிலோ டப்பா நாலு வாங்கினேன். காலி டப்பா ஒவ்வொன்றும் 35 கிராம். ஆக மொத்தம் 140 கிராம் அட்டையை அல்வா விலைக்கு வாங்கியிருக்கிறேன். அட்டை இனிக்கவில்லை.

தமிழ்நாட்டில் எடையளவுப் புகாரைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பில் இருந்தால் அங்கே எழுதுங்கள். ஒரு டப்பாவுக்காகவா என்று யோசிக்காதீர்கள். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டப்பா போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பால்கோவா இரண்டு கிலோ வாங்கி கார் டிக்கியில் வைத்து மூன்று நாள் சுற்றினோம். பூசணம் பிடித்துவிட்டது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
– வாசகர், வேளச்சேரி

மே மாத டிக்கியில் மூன்று நாள் வைத்தால் நீங்களே பூசணம் பிடித்துவிடுவீர்கள் சார். உதிரி இனிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று தட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து விதி. எழுதியிருந்ததா, பார்த்தீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கேள்வி: மே மாதம் தூத்துக்குடி போகிறோம். பனங்கிழங்கு எங்கே நன்றாகக் கிடைக்கும்?
– வாசகி, கோவை

கிழங்கு தைக்கு. மேயில் நுங்கு சாப்பிடுங்கள்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக, சாலையோரம் ஒரு வேனில் விற்றவரிடம் கருப்பட்டி பத்துக் கிலோ வாங்கினேன். கிலோ 160 ரூபாய். "எங்க தோட்டத்துப் பனை" என்று சத்தியம் செய்தார். வீட்டில் உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மினுமினுக்கிறது. ஏமாந்துவிட்டேனா? வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

அம்மா, சிரிப்பவர்களை இந்தப் பக்கம் அனுப்புங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். ஏமாந்தது உங்கள் தப்பு இல்லை. சத்தியம் செய்தானே, அவன் தப்பு.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். காலையும் மாலையும் பனை ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, மணிக்கணக்காக விறகு எரித்துக் காய்ச்சினால்தான் கருப்பட்டி. ஏறுகிற ஆளின் கூலியைக் கணக்குப் போட்டாலே அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. சீனியைக் காய்ச்சி நிறம் ஏற்றினால் கட்டுப்படியாகும். நல்ல கருப்பட்டியை நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னாலேயே ஒரு கரிப்பும் புகை வாசமும் வரும். வெறும் தித்திப்பு மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள்.

நாக்கு சாட்சி சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லையென்றாலும் ஜிபேயில் பணம் போட்டிருந்தால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். வேன் நம்பர் யாராவது போட்டோவில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அந்தக் கருப்பட்டியைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். கொடைக்கானல் மலைப்பாதையில் என் கண் முன்னால் தேனடையைப் பிழிந்து கொடுத்த 'மலைத்தேன்' ஒரு லிட்டர் நானும் வாங்கினேன். அடை உண்மை. அடைக்குக் கீழே வாளியில் ஏற்கெனவே இருந்தது வெல்லப்பாகு. நுகர்வோர் பக்கம் எழுதுகிறவன் நான்.

கேள்வி: தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வந்தோம். நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத குடும்பம். சாப்பிட்ட பிறகுதான் முட்டை இருப்பதாகச் சொல்கிறார்கள். பாக்கெட்டில் எந்தக் குறியும் இல்லை.
– வாசகர், மயிலாப்பூர்

முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரி, சீனி மூன்றும் சேர்ந்ததுதான் மக்ரூன். ஆனாலும் அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் எதிர்பார்க்கக் கூடாது. முட்டை சேர்ந்தால் அசைவக் குறி கட்டாயம்: சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பச்சை வட்டம் என்றால் சைவம். இரண்டும் இல்லாத பாக்கெட்டை விற்றதே குற்றம். வருத்தப்படுகிறேன். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் புகாரோடு இணையுங்கள்.

கேள்வி: பஸ் நிற்கும் மோட்டலில் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலுக்கு 30 கேட்டார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ்" என்றார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. கடையில் நின்று வாங்கும் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.தான் எல்லை, ஃபிரிட்ஜ் கரண்டு பில் அதற்குள் அடக்கம். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறினால் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கடையும் நட்சத்திர ஓட்டல் ஆகிவிடப் பார்க்கிறது. பில் கேளுங்கள். பில் என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் 20-க்கே கொடுத்துவிடுவார்கள். தராவிட்டால் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஆனால் டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி: ஓட்டல் ஒன்றில் கம்பங்கூழை மண்சட்டியில் ஊற்றி 'மில்லட் பவுல்' என்று 180 ரூபாய் வாங்கினார்கள். புகார் செய்யலாமா?
– வாசகி, அண்ணாநகர்

மெனுவில் விலை போட்டிருந்தது, நீங்கள் ஆர்டர் செய்தீர்கள். என்ன புகார்? வெளியே தள்ளுவண்டியில் மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சொம்பில் கொடுப்பார்கள்.

கேள்வி: சுங்கச்சாவடியில் அவர்கள் கருவி என் ஃபாஸ்டேகைப் படிக்கவில்லை. கணக்கில் 900 ரூபாய் இருந்தும் ரொக்கமாக இரட்டைக் கட்டணம் பிடுங்கிவிட்டார்கள்.
– வாசகர், சேலம்

பிடுங்கியதேதான். டேகும் செல்லும், பணமும் இருக்கிறது, கருவிதான் கோளாறு என்றால் கட்டணமே இல்லாமல் விட வேண்டும். பூஜ்ய ரசீது ஒன்றும் தர வேண்டும். இது 2018-லிருந்து விதி. ரொக்க ரசீதையும், அந்த நேரத்தில் கணக்கில் இருந்த தொகையின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-இல் புகார் செய்யுங்கள். டேகே இல்லாமல் போகிறவர்களுக்கு: ரொக்கம் என்றால் இரு மடங்கு, யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15-இல் விதி வந்தது. அதற்காக எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: கடலைமிட்டாய் கடித்ததில் கடைவாய்ப்பல் உடைந்துவிட்டது. இழப்பீடு கிடைக்குமா?
– வாசகர், விழுப்புரம்

உடைத்தது கல்லா, கடலையா? கல் என்றால் அந்தத் துண்டு, பாக்கெட், பல் டாக்டர் பில் மூன்றையும் பத்திரப்படுத்தி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. கடலை என்றால் பல் டாக்டரிடம் மட்டும் போங்கள்.